விறகு வாயு என்றால் தார் எங்கே போகிறது என்று கேளுங்கள்

மரத்திலிருந்தும் பயிர்க் கழிவிலிருந்தும் எரிவாயு எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் காட்டுவது அந்தத் தீயைத்தான். ஒரு குழாயின் நுனியில், புகையே இல்லாமல், நீலமாக எரிந்துகொண்டிருக்கும். தீ நிஜம்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அதே வாயுவை அங்கேயே எரிக்காமல் ஒரு நீளமான குழாயில் ஆறவிட்டு, கொஞ்ச நாள் கழித்துக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, பிசுபிசுவென்று, கையில் பட்டால் சோப்புக்கும் போகாத நெடியோடு ஒரு சரக்கு ஒட்டியிருக்கும். அதுதான் தார். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் பெரிய பிரியம் உண்டு, பல வருடமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன், சின்ன யூனிட்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன். பார்த்த வரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வாயுவை உண்டாக்குவது சுலபம், அந்த வாயு ஆறும்போது நடப்பதைச் சமாளிப்பதில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். விறகு எரிகிறது என்கிறோம், உண்மையில் சுடராக எரிவது விறகிலிருந்து கிளம்பும் ஆவிதான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் சூடு பட்டதும் ஆவியாகக் கிளம்பிவிடும். மிச்சம் இருப்பது கரியும் கொஞ்சம் சாம்பலும். ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து உற்றுப் பார்த்தால் குச்சிக்கும் சுடருக்கும் நடுவில் மெல்லிய இருட்டு இடைவெளி ஒன்று தெரியும். அங்கே இருப்பது இன்னும் எரியாத வாயு. கேசிஃபையர், அதாவது மரத்தையும் கழிவையும் வாயுவாக்கும் கலன், அந்த இடைவெளியைத்தான் இழுத்துப் பெரிதாக்குகிறது: வாயு பிறக்கும் இடம் ஒன்று, எரியும் இடம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துவிட்டால் நடுவில் நமக்கு நேரம் கிடைக்கிறது. சுத்தம் செய்யலாம், குழாயில் கொண்டு போகலாம், இன்ஜினுக்குள் விடலாம், வினையூக்கி மேல் செலுத்தி மீத்தேனாகவோ மெத்தனாலாகவோ மாற்றலாம்.

ஒரு கிலோ காய்ந்த மரம் முழுவதுமாக எரிய சுமார் 6 கிலோ காற்று வேண்டும். கேசிஃபையரில் அதில் கால் பங்குதான், அதாவது ஒன்றரை கிலோ அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் விடுகிறோம். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மரத்தில் ஒரு பகுதியை எரித்து 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டை உண்டாக்குகிறது, மற்ற எல்லா வேலையும் அந்தச் சூட்டை நம்பித்தான் நடக்கிறது. தீக்குத் தூரத்தில் இருக்கும் மரம் காய்கிறது. கொஞ்சம் கிட்டே வந்தது 250, 300 டிகிரியில் சிதைய ஆரம்பித்து ஆவியும் கரியுமாகப் பிரிகிறது. எரிந்து வந்த கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் தணலாகக் கிடக்கும் கரிக்குள் புகுந்து போகின்றன. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கரியிலிருந்து ஒரு கார்பன் அணுவை எடுத்துக்கொண்டு இரண்டு கார்பன் மோனாக்சைடு ஆகிறது, நீராவி கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகிறது. எரிந்து முடிந்துவிட்ட வாயுக்கள் மறுபடி எரியக்கூடியவையாக மாறி வெளியே வருகின்றன.

இந்த இரண்டு வினைகளும் சூட்டைத் தின்கின்றன. முதலாவது ஒரு மோலுக்கு 172 கிலோஜூல், இரண்டாவது 131. அதனால் வாயு கரிக்குள் போகப் போகக் கரி ஆறிக்கொண்டே வருகிறது, 700 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வினை மிகவும் மந்தமாகி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கரிப்படுகை எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு, அதில் எவ்வளவு நேரம் வாயு தங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் வெளியே வருவது நல்ல வாயுவா, வெறும் புகையா என்று தீர்மானமாகும்.

காற்றை வைத்து ஓட்டும் சாதாரண கேசிஃபையரிலிருந்து வருவதில் கார்பன் மோனாக்சைடு 15 முதல் 25 சதவீதம், ஹைட்ரஜன் 10 முதல் 20, மீத்தேன் ஒன்றிலிருந்து நாலு சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10 முதல் 15 இருக்கும். மீதி, அதாவது கிட்டத்தட்ட பாதி, நைட்ரஜன். காற்றோடு கூடவே உள்ளே வந்து, எதிலும் சேராமல், சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போவது. அதனால் இந்த வாயுவின் ஒரு கன மீட்டரில் 4 முதல் 6 மெகாஜூல் ஆற்றல்தான் இருக்கும். இயற்கை எரிவாயுவில் அது 36 மெகாஜூலுக்குப் பக்கம். ஒரு கிலோ மரத்துக்கு இரண்டரை கன மீட்டர் வாயு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மரத்தில் இருந்த ஆற்றலில் 70 முதல் 80 சதவீதம் ஆறிய வாயுவில் வந்து சேர்கிறது. மோசமில்லை.

ஏழு மடங்கு வித்தியாசம் என்றதும் இந்த வாயுவில் இன்ஜின் எப்படி ஓடும் என்று சிலர் கேட்பதுண்டு. இன்ஜினுக்குள் போவது வாயு மட்டும் இல்லை, வாயுவும் காற்றும் கலந்த கலவை. இயற்கை எரிவாயு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு காற்று கேட்கும். இந்த வாயுவுக்கு ஏறக்குறைய ஒரு பங்குக்கு ஒரு பங்கு போதும். கலவையாக அளந்து பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு இயற்கை எரிவாயுவில் மூன்றரை மெகாஜூலுக்குப் பக்கம், இந்த வாயுவில் இரண்டரை. அதனால்தான் பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின் இந்த வாயுவில் ஓடும்போது 30, 40 சதவீதம் பலம் குறைந்தாலும் ஓடிவிடுகிறது. இன்னொரு நல்ல குணம், இது அவ்வளவு சீக்கிரம் இன்ஜினில் 'நாக்' அடிக்காது, அதாவது கலவையை நன்றாக அழுத்தினாலும் தாறுமாறாகத் தானே வெடிக்காது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 17:1 அழுத்த விகிதத்தில் (கலவையைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்கும் அளவு) இன்ஜினை இந்த வாயுவில் மட்டுமே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இழந்த பலத்தில் ஒரு பகுதியை அப்படி மீட்கலாம்.

சரி, தாருக்கு வருவோம்.

மரம் என்பது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற பெரிய பெரிய மூலக்கூறுகளால் ஆனது. சூட்டில் அவை உடையும்போது எல்லாம் ஒரேயடியாகச் சின்ன வாயுக்களாகிவிடாது. அரைகுறையாக உடைந்த நூற்றுக்கணக்கான சேர்மங்கள் முதலில் வரும்: அமிலங்கள், ஃபீனால்கள், சர்க்கரை மாதிரியானவை. சூடு இருக்கும்வரை இவையும் ஆவிதான், எரித்தால் எரியும். வாயு 300, 200 டிகிரி என்று இறங்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் திரவமாகி, கூட வரும் கரித்தூளைச் சேர்த்துக்கொண்டு, குழாய், வால்வு, வடிகட்டி, இன்ஜினின் உள்ளெடுப்பு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் படிகின்றன. இன்ஜின் நின்று ஆறிய பிறகு வால்வு அப்படியே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கிளப்பப் பார்த்தால் வால்வைத் தூக்கும் கம்பி வளைந்துபோகும்.

இன்ஜின் தாங்கும் அளவு என்று பொதுவாகச் சொல்வது ஒரு கன மீட்டர் வாயுவில் 100 மில்லிகிராம் தார், 50க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இப்போது கேசிஃபையர் வகைகளைப் பாருங்கள். காற்று கீழிருந்து மேலே போகும் மேல்நோக்கு வகையில் 50 கிராம் வரை தார் வரும், சில சமயம் அதற்கும் மேல். மில்லிகிராம் அல்ல, கிராம். மணல் கொதிப்பது போல இருக்கும் பாய்மப் படுகை வகையில் 10 கிராமுக்குப் பக்கம். கீழ்நோக்கு வகையில் ஒரு கிராம், நன்றாக ஓட்டினால் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கும். மூன்றிலும் அதே மரம்தான். வித்தியாசம், தார் பிறந்த பிறகு எந்த வழியாக வெளியே போகிறது என்பதில் இருக்கிறது. மேல்நோக்கு வகையில் தணல் கீழே, தார் பிறப்பது அதற்கு மேலே; ஆக, தார் சூடான இடத்தையே பார்க்காமல் ஈர மரத்தினூடாக நேராக வெளியேறிவிடுகிறது. கீழ்நோக்கு வகையில் அதே தார் வெளியேற வேண்டுமானால் எரியும் மண்டலத்தையும் அதற்குக் கீழே உள்ள தணல் கரியையும் தாண்டித்தான் போயாக வேண்டும், போகிற வழியில் பெரும்பகுதி உடைந்துவிடும்.

1920களில் பிரான்சில் ஜார்ஜ் இம்பெர்ட் வடிவமைத்த கேசிஃபையரில், காற்று நுழையும் இடத்துக்குக் கீழே குடுவையின் கழுத்து மாதிரி ஒரு குறுகல் இருக்கும். எல்லா வாயுவும் அந்தக் குறுகிய, மிகச் சூடான இடத்தில் நெருக்கிக்கொண்டு போக வேண்டும், தாருக்கு ஒதுங்கி நழுவ இடமே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது ஏறக்குறைய பத்து லட்சம் வாகனங்கள் மரத்திலும் கரியிலும் ஓடியதற்கு இந்த வகை வடிவமைப்புகள்தான் காரணம். போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் மக்கள் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தை ஒரே அளவாக வெட்டிக் காயவைத்து, தினமும் சாம்பல் எடுத்து, வடிகட்டியைச் சுத்தம் செய்து, கிளம்புவதற்கு முன் ஊதுவிசிறி போட்டுக் காத்திருந்து ஓட்டிய வண்டி அது.

சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் தார் மறைந்துவிடுமே என்று தோன்றும். மொத்த அளவு குறைவது உண்மை. ஆனால் 800, 900 டிகிரியில் தப்பிப் பிழைப்பவை வேறு ஜாதி: நாப்தலீன், ஃபினாந்திரீன், பைரீன் என்று பென்சீன் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட சேர்மங்கள். உடைப்பதற்குக் கடினமானவை, சிலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் குணமும் உண்டு. மொத்த அளவில் கொஞ்சமாக இருந்தாலும் அதிகச் சூட்டிலேயே திரவமாகிப் படிவது இந்தக் கனமான வகைதான், அதனால் 'மொத்தத் தார் இவ்வளவு குறைவு' என்ற ஒரு எண்ணை மட்டும் காட்டி யாராவது மெச்சினால் எனக்குத் திருப்தி வருவதில்லை. எந்த வெப்பநிலையில் படிய ஆரம்பிக்கிறது என்று கேட்க வேண்டும். வினையூக்கி எதுவும் இல்லாமல் சூட்டை மட்டும் வைத்து எல்லாவற்றையும் உடைக்க 1,200 டிகிரி மாதிரி வேண்டும், அவ்வளவு சூட்டுக்கு எரிபொருளில் நல்ல பங்கை நாமே எரித்தாக வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. வாயுவை ஆறவிடத் தேவையில்லாத இடத்தில் ஆறவிடாதீர்கள். பாய்லர், சூளை, உலை, உலர்த்தி என்று சூடுதான் வேண்டும் என்றால், கேசிஃபையரிலிருந்து வரும் வாயுவை அப்படியே சூடாக, குட்டையான, வெப்பக்காப்புச் சுற்றிய குழாயில் கொண்டுபோய் எரித்துவிடலாம். அப்போது தார் நமக்கு எரிபொருள், வாயுவோடு சேர்ந்து அதுவும் எரிகிறது. பின்லாந்தின் லாத்தி நகரில் 1998ல் செய்தது இதுதான். ஒரு நிலக்கரி மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய பாய்மப் படுகை கேசிஃபையரை வைத்து, மரக் கழிவிலிருந்தும் பிரித்தெடுத்த குப்பையிலிருந்தும் வந்த வாயுவைச் சுத்தம் செய்யாமலே சூடாக பாய்லருக்குள் விட்டு, நிலக்கரியில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். வருடக்கணக்கில் ஓடியது. ஆர்ப்பாட்டமில்லாத தீர்வு, பெரிய விருது எதுவும் வாங்கித் தராது, ஆனால் அங்கே கரும்புகையும் இல்லை, தார் கலந்த கழிவுநீரும் இல்லை.

சமையலுக்கான வாயு அடுப்புகளிலும் இதே தர்க்கம்தான். 1980களில் தாமஸ் ரீட் என்ற அமெரிக்கர் முன்னெடுத்த மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பில், சரக்கு நிரப்பிய உருளையின் மேல்பக்கம் தீ வைத்துவிட்டால் சிதைவு மண்டலம் மெதுவாகக் கீழே இறங்கும், கிளம்பும் வாயு மேலே உள்ள தணல் கரியைத் தாண்டி வந்து, ஓரத்துளைகள் வழியாக வரும் இரண்டாவது காற்றில் கலந்து எரியும். பிறந்த இடத்துக்கும் எரியும் இடத்துக்கும் ஒரு சாண் தூரம்தான். ஆற நேரமே இல்லை.

மின்சாரம் வேண்டும், இன்ஜின் ஓட்ட வேண்டும் என்றால் கதை மாறுகிறது. சூடான வாயு அடர்த்தி குறைந்தது, இன்ஜினுக்குள் போதுமான அளவு போகாது, ஆறவிட்டே ஆகவேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வழக்கம் இருக்கிறது: தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுவது. வாயு பார்க்கச் சுத்தமாகிவிடும், இன்ஜினும் ஓடும். ஆனால் வாயுவில் இருந்த ஃபீனாலும் அம்மோனியாவும் நாப்தலீனும் இப்போது தண்ணீரில் இருக்கின்றன. சின்ன யூனிட்களில் அந்தத் தண்ணீரை ஒரு தொட்டியில் சுற்றவிடுவார்கள், கொஞ்ச நாளில் அது கறுத்து நாறும், பிறகு பக்கத்து மண்ணில் திறந்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. சுத்தமான எரிபொருள் என்ற பெயரில் நிலத்தடி நீரைக் கெடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். கழிவுநீருக்கு வழி சொல்லாமல் ஒரு கேசிஃபையரை விற்பவர் பாதி இயந்திரத்தைத்தான் விற்கிறார்.

நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் ஹார்போர் என்ற ஊரில் மேல்நோக்கு கேசிஃபையர்தான், தார் ஏராளமாக வரும் வகை. அங்கே தாரை ஒளிக்காமல் தனியாகப் பிரித்துச் சேமித்துவைத்து, குளிர் உச்சத்தில் ஊருக்குச் சூடு தரும் எரிபொருளாக எரித்தார்கள். கூட வரும் தண்ணீரைச் சுத்தப்படுத்தத் தனி அமைப்பும் வைத்தார்கள். நெதர்லாந்தின் எரிசக்தி ஆய்வு மையம் தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் தாரைக் கரைத்து எடுக்கும் முறையை உருவாக்கியது. கரைந்த தார் மறுபடி கேசிஃபையருக்கே போய்விடும். டோலமைட் கல், நிக்கல் வினையூக்கி இவற்றை 800, 900 டிகிரியில் வைத்துத் தாரை உடைக்கும் முறைகளும் உண்டு. நிக்கல் வேலையை நன்றாகச் செய்யும், ஆனால் கந்தகமும் கரிப்படிவும் அதைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2002ல் ஓட ஆரம்பித்த 'வைக்கிங்' என்ற சின்ன இரண்டு கட்ட கேசிஃபையர். முதல் கட்டத்தில், இன்ஜினின் புகைபோக்கிச் சூட்டை வைத்து, வெளியிலிருந்து சூடாக்கிய திருகுக் குழாயில் மரத்தைச் சிதைக்கிறார்கள், ஆவியும் கரியும் தனித்தனியாகிவிடுகின்றன. பிறகு அந்த ஆவிக்கு மட்டும் காற்று கொடுத்து 1,100 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகிறார்கள், பெரும்பாலான தார் அங்கேயே தீர்ந்துவிடும். மிஞ்சியது அடுத்த கட்டத்தில் கரிப்படுகைக்குள் போகிறது. நுண்துளைகள் நிறைந்த சூடான கரி தாரைப் பிடித்து உடைப்பதில் கெட்டிக்காரன். கடைசியில் கையில் வரும் வாயுவில் தார் சில மில்லிகிராம்கூட இருப்பதில்லை. கழுவத் தேவையில்லாததால் கறுத்த தண்ணீரும் இல்லை. தாரைப் பிடிப்பதற்காக யோசித்த மூளைகளைவிடத் தார் வெளியே வராமலே இருக்க யோசித்த இந்த மூளைகளின் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

பெரிய அளவில் போனால் காற்றுக்குப் பதில் நீராவி. ஆஸ்திரியாவின் கியூஸ்ஸிங் என்ற சின்ன ஊரில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பில் 8 மெகாவாட் அளவு ஆலை ஒன்று 2002 முதல் ஓடியது. இரண்டு பாத்திரங்கள்: ஒன்றில் நீராவியோடு மரம் வாயுவாகிறது, மிச்சக் கரி மணலோடு சேர்ந்து இன்னொன்றுக்குப் போய் அங்கே காற்றில் எரிகிறது, சூடேறிய மணல் திரும்பி வந்து முதல் பாத்திரத்துக்குச் சூடு கொடுக்கிறது. காற்று வாயுவோடு கலக்கவே இல்லை, அதனால் நைட்ரஜன் பிரச்சினையும் இல்லை, ஆற்றல் ஒரு கன மீட்டருக்கு 10 மெகாஜூலுக்கு மேல் போய்விடும். இதே முறையைப் பெரிதாக்கி ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 'கோபிகாஸ்' என்ற ஆலையில் மரக் கழிவிலிருந்து 20 மெகாவாட் அளவுக்கு மீத்தேன் எடுத்து 2014ல் எரிவாயுக் குழாய்வழியிலேயே சேர்த்தார்கள். ஆரம்பத்தில் அங்கேயும் தார் அடைத்துத் தொல்லை கொடுத்தது. படுகையில் இருந்த ஒலிவின் என்ற தாதுமணலோடு பொட்டாசியம் கார்பனேட் சேர்த்ததும் தார் கட்டுக்குள் வந்தது. சின்ன ஆலைகளில் சாம்பலை உருக்கிக் கட்டியாக்கும் அதே பொட்டாசியம் இங்கே கைகொடுத்தது எனக்கு மிகப் பிடித்த செய்தி. 2018ல் கோபிகாஸை மூடிவிட்டார்கள். வேதியியல் தோற்கவில்லை, மலிவான இயற்கை எரிவாயுவோடு விலையில் போட்டி போட முடியவில்லை. கியூஸ்ஸிங்கும் 2016ல் நின்றுபோனது. இந்த ஆலைகள் மூடியதை வைத்து 'இது ஆகாத தொழில்நுட்பம்' என்பவர்களோடு நான் உடன்படவில்லை. நிலத்தடி எரிவாயுவை எரிப்பதால் வரும் கேட்டுக்கு யாரும் காசு கட்டாதவரை சுத்தமாகச் செய்பவனின் சரக்கு விலை அதிகமாகத்தான் தெரியும்.

கேசிஃபையருக்குள் போடும் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். விற்பனைப் பேச்சில் 'எந்தத் தாவரக் கழிவையும் போடலாம்' என்பார்கள். நம்பாதீர்கள். அப்போது வெட்டிய மரத்தில் பாதி தண்ணீர். கீழ்நோக்கு வகைக்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவும் இரண்டேகால் மெகாஜூலுக்கு மேல் போகிறது, அந்தச் சூடு படுகையிலிருந்துதான் எடுக்கப்படும், படுகை ஆறினால் தார் கூடும். ஈர விறகைப் போட்டுவிட்டுத் தாரைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தமில்லை. அளவும் முக்கியம். தூளாக இருந்தால் காற்று போகாது, நீளக் குச்சியாக இருந்தால் ஒன்றோடு ஒன்று சிக்கிப் பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், கீழே தணல் தீர்ந்துபோகும், வாயு திடீரென்று கெட்டுப்போகும்.

சாம்பல் இன்னொரு தலைவலி. மரத்தில் சாம்பல் ஒரு சதவீதம்கூட இருக்காது. நெல் உமியில் ஏறக்குறைய 20 சதவீதம், அதில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம், பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்தால் 900 டிகிரிக்கும் கீழேயே இளகிக் கண்ணாடி மாதிரி கட்டிதட்டிவிடும். மரத்துக்காகக் கழுத்தைக் குறுக்கிச் செய்த கேசிஃபையரில் உமியைப் போட்டால் சாம்பலை வெளியே தள்ளவே முடியாது. உமிக்கு நேர்க்குழாய் மாதிரி, கழுத்தில்லாத, தொடர்ந்து சாம்பல் இறங்கும் வடிவம் வேண்டும். சரக்கு எது என்று முடிவு செய்த பிறகுதான் கேசிஃபையரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலைகீழாகச் செய்தவர்களின் யூனிட்கள்தான் ஓரமாகத் துருப்பிடித்து நிற்கின்றன.

பருவநிலைக் கணக்கையும் சொல்ல வேண்டும். தாவரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பக் காற்றுக்குப் போகிறது என்பது வாதம். வயலில் எரித்துவிடப்போகும் கழிவு, மர ஆலையில் மிஞ்சும் துண்டு இவற்றுக்கு அந்த வாதம் நன்றாகவே நிற்கும். கேசிஃபையருக்குத் தீனி போட நின்றுகொண்டிருக்கும் காட்டை வெட்டினால் நிற்காது, அந்த மரம் மறுபடி வளர்ந்து கணக்கைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும். கரியை முழுவதும் எரிக்காமல் ஒரு பகுதியை வெளியே எடுத்து மண்ணில் சேர்த்தால் அந்தக் கார்பன் நீண்ட காலம் மண்ணிலேயே தங்கும், அது கூடுதல் லாபம். ஆனால் தார் படிந்த கரியை மண்ணில் போடக் கூடாது, அந்த வளையச் சேர்மங்கள் அதிலும் இருக்கும், சோதித்துவிட்டுத்தான்.

கடைசியாக, வீட்டில் ஒரு பீப்பாயில் இதைச் செய்து பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்பவர்களுக்கு. திறந்தவெளியில் மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பு செய்து பாருங்கள், தாராளமாக. அதன் தீயைப் பார்த்தாலே சரக்கின் ஈரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பழகிவிடுவீர்கள். இன்ஜினோடு சேர்த்து ஓட்டும் கேசிஃபையரை மட்டும் தனியாக, அனுபவமுள்ளவர் துணையில்லாமல் ஆரம்பிக்காதீர்கள். இந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் மாதிரி இருக்கிறது. மூச்சுக்காற்றில் அது 1.28 சதவீதம் இருந்தாலே சில மூச்சில் நினைவு தப்பி, சில நிமிடத்தில் உயிர் போய்விடும். நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது இன்ஜின் வாயுவை இழுத்துக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் குறைவு, ஓட்டை இருந்தால் காற்றுதான் உள்ளே போகும் (அதுவும் ஆபத்துதான், உள்ளே வெடிக்கும் கலவை உண்டாகலாம்). ஆனால் இன்ஜினை நிறுத்திய பிறகும் தணல் அணையாது, வாயு பிறந்துகொண்டே இருக்கும், இழுக்க ஆளில்லாததால் ஓட்டைகள் வழியாக அறைக்குள் வரும். நிறுத்தியாயிற்று என்று கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் படுப்பவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். அதனால் கேசிஃபையரைச் சுவர் இல்லாத கொட்டகையில் வையுங்கள், நிறுத்தியதும் மேல் மூடியையும் காற்றுத் துவாரங்களையும் இறுக மூடி, மிச்ச வாயு கூரைக்கு மேலே போகும் குழாயை மட்டும் படுகை முழுதாக ஆறும்வரை திறந்து வையுங்கள், எச்சரிக்கை ஒலி தரும் கார்பன் மோனாக்சைடு கருவியை ஆள் நிற்கும் உயரத்தில் மாட்டுங்கள். மூடியைத் திறந்து சரக்கு போடும்போது தனியாக இருக்காதீர்கள், தலை லேசாக வலித்தால்கூட வேலையை விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.